யாழ்ப்பாண வளவில் மத்தியதரைச் செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

றோஸ்மேரி, லவெண்டர், தைம், சீமை அத்தி, ஒலிவ், மாதுளை, திராட்சை போன்றவை மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் காலங்காலமாக வளர்பவை. இவற்றை யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவில் வைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. அளவுகள் எல்லாம் சாடிக்கும் வளவுக்கும் உரியவை. பெரிய தோட்டத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

விதைப் பையில் "குளிர் தாங்கும் இனம்" என்று போட்டிருக்கிறது. அது நமக்கு உதவுமா?

உதவாது. 'ஆர்ப்' என்ற றோஸ்மேரி இனமும் 'சிக்காகோ ஹார்டி' என்ற அத்தி இனமும் உறைபனியில் சாகாமல் நிற்பதற்காகப் பெயர் பெற்றவை. யாழ்ப்பாணத்தில் தை மாத விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. குளிரைத் தாங்கும் வலிமை இங்கே வேலையற்றுக் கிடக்கும். அந்த இனங்கள் வளராது என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஈரத்தையும் புழுக்கத்தையும் தாங்குமா என்பதையே கேட்டு வாங்குங்கள்.

அங்கேயும் கோடையில் மழை இல்லை, இங்கேயும் இல்லை. பிறகு ஏன் கார்த்திகை, மார்கழியில் செத்துப் போகின்றன?

இந்தப் பக்கத்தில் இருப்பதில் மிக முக்கியமான கேள்வி இதுதான். மழைக் கணக்கைப் பார்த்தால் இரண்டு இடங்களும் ஒன்றுபோலவே தெரியும். ஏதென்ஸிலும் ஆண்டின் பிற்பகுதியில்தான் மழை தொடங்குகிறது, யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். ஆனால் அங்கே மழை குளிரோடு வருகிறது. ஏதென்ஸில் ஜனவரிச் சராசரி 10 பாகைக்கு அண்மையில் இருக்கும், ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 400 மில்லிமீற்றர். அந்தக் குளிரில் செடியும் அரைத் தூக்கத்தில் இருக்கும், வேரை அழுக்கும் பூஞ்சணமும் மந்தமாகிவிடும்.

இங்கே ஆண்டு மழை 1,250 மில்லிமீற்றர் அளவு. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. அப்போதும் மண் 25 பாகைக்கு மேல் வெதுவெதுப்பாகவே இருக்கும். வேர் மூச்சுவிட ஒட்சிசன் கேட்கும், மண்ணின் துவாரங்களிலோ தண்ணீர் நிற்கும். வெதுவெதுப்பும் தேங்கிய நீரும் சேர்ந்தால் பைற்றொப்தோறா போன்ற வேரழுகல் நோய்களுக்குக் கொண்டாட்டம். செடியைக் கொல்வது வெயில் அல்ல, சூடான ஈரம். கீழே சொல்லப்படும் மண் கலவை, மேடு, சாடி வைக்கும் இடம் எல்லாமே இந்த ஒன்றைத் தடுப்பதற்காகத்தான்.

எவை நன்றாக வரும், எவை வராது?

மாதுளையும் திராட்சையும் இங்கே ஏற்கெனவே ஊரோடு ஒன்றியவை. சீமை அத்தியும் நம்பி வைக்கலாம். றோஸ்மேரி கவனத்தோடு வளர்த்தால் பல ஆண்டுகள் நிற்கும். ஓறிகானோ வரும். தைம் பங்குனி, சித்திரையில் சோர்ந்தாலும் அரை நிழலில் தப்பும். பிரியாணிக்குப் போடும் இலைகளில் ஒன்றான பே லோறல் மரம் மிக மெதுவாக வளரும், ஆனால் சுண்ணாம்பு மண்ணோடு அதற்குப் பகை இல்லை. சேஜ் பெரும்பாலும் ஒரு மாரியோடு முடிந்துவிடும். அதை ஆண்டுச் செடியாக நினைத்து மாசியில் வைத்துப் புரட்டாதிவரை இலை பறித்துக்கொள்வது நல்லது. ஒலிவும் லவெண்டரும் தனியே பேச வேண்டியவை, கீழே வருகின்றன.

வளவு மண்ணில் நேரே நடலாமா?

எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. கோப்பாய், உரும்பிராய், இணுவில் பக்கத்துச் செம்மண் நல்ல வடிகால் உள்ளது. அடியில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லும் இந்தச் செடிகளுக்குச் சொந்த ஊர் மாதிரி. ஆனால் சில வளவுகளில் ஒன்றரை அடியிலேயே பாறை தட்டும். அங்கே அலவாங்கால் கிடங்கு வெட்டிச் செடியை வைத்தால், அந்தக் கிடங்கே மாரியில் தொட்டியாகிவிடும்.

நடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 45 சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடங்கு வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு தடியை நட்டுப் பாருங்கள். மணிக்கு 3 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கினால் நேரே நடலாம். அதைவிடக் குறைந்தால், அல்லது மாரியில் அந்த இடத்தில் தண்ணீர் நிற்பது தெரிந்தால், தரைக்கு மேலே 40 சென்ரிமீற்றர் உயரம், ஒரு மீற்றர் அகலம் கொண்ட மேடு போட்டு அதன் உச்சியில் நடுங்கள். மேட்டுக்குச் செம்மண்ணும் கரடு மணலும் பாதிப் பாதி போதும்.

வடமராட்சி மணல் பாங்கில் வடிகால் கவலை இல்லை. அங்கே அத்திக்கு வேர்முடிச்சு நூற்புழு வரும். செடியைப் பிடுங்கினால் வேரில் மிளகு மிளகாகக் கணுக்கள் தெரியும். நடும்போது கிடங்கில் வேப்பம் பிண்ணாக்கு 250 கிராமும் நன்கு மக்கிய எருவும் கலந்தால் ஓரளவு தணியும். தீவகத்தில் கிணறு உவராக இருந்தால் சாடிதான் வழி.

சாடிக்கு என்ன கலவை?

ஏதாவது ஒரு பேணியை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய கரடு மணல் 4 பேணி, கடலை அளவில் உடைத்த செங்கல் அல்லது சுண்ணாம்புக் கல் 3 பேணி, செம்மண் 2 பேணி, ஓராண்டு மக்கிய ஆட்டெரு 1 பேணி. ஈரமாக்கி உள்ளங்கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் ஒரு பேணி மணல் சேருங்கள்.

தும்புத்தூள் மலிவாகக் கிடைக்கிறது என்று பாதிக்குப் பாதி போடுகிறார்கள். மிளகாய் நாற்றுக்கு அது சரி, றோஸ்மேரிக்கு அது ஈரத் துணி சுற்றுவது போல. கடல் மணலைக் கழுவினாலும் உப்பு முழுதும் போகாது, அதைத் தொட வேண்டாம்.

அடியில் சல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்பது பலருடைய நம்பிக்கை. நடப்பது வேறு. மேலே உள்ள பொடி மண் முழுதாக ஊறும்வரை தண்ணீர் கீழே உள்ள சல்லிக்குள் இறங்காது. ஆகவே சல்லி போட்ட அளவுக்கு ஈரப் படை வேருக்கு அருகே உயர்ந்துவிடும். துவாரத்தின் மேல் ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் போதும். சாடியின் அடியில் சுண்டுவிரல் நுழையும் துவாரங்கள் மூன்று நான்கு இருக்க வேண்டும். சாடியை மூன்று செங்கல் துண்டுகளின் மேல் ஏற்றி வையுங்கள். நிலத்தோடு ஒட்டிய துவாரம் அடைத்த துவாரம்தான்.

நுவரெலியாவிலிருந்து வாங்கிவந்த செடி இரண்டே கிழமையில் கருகிவிட்டது. ஏன்?

ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், 16 பாகைச் சராசரியில் வளர்ந்த செடி அது. ஒரே இரவில் பேருந்தில் இறங்கி 32 பாகைக்கு வருகிறது. முதல் கிழமை விறாந்தையில் வெளிச்சம் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். இரண்டாம் கிழமை காலை வெயில் இரண்டு மணித்தியாலம், மூன்றாம் கிழமை நான்கு. அதன் பிறகே சாடி மாற்றுங்கள். மாற்றும்போது வேரைச் சுற்றியுள்ள தும்புக் கட்டியை வாளித் தண்ணீரில் ஆட்டி, முடிந்த அளவு கரைத்துவிடுங்கள். அப்படியே வைத்தால் சுற்றிலும் மண் காய்ந்தாலும் நடுக்கட்டி நாட்கணக்கில் நனைந்தே இருக்கும், கழுத்து அங்கேதான் அழுகும்.

எவ்வளவு தண்ணீர், எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நாள் கணக்கை விட விரல் கணக்கு மேல். ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். 12 அங்குலச் சாடியில் உள்ள றோஸ்மேரிக்குக் கோடையில் மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்றரை லீற்றர் அளவு வரும். சோழகம் வீசும் ஆனி, ஆடியில் காற்றே ஈரத்தை உறிஞ்சும், அப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை வேண்டியிருக்கும். வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திவிட்டு, சாடியைத் தாழ்வாரத்தின் கீழே கொண்டுவந்துவிடுங்கள். கூரை நீர் விழும் விளிம்பில் வைக்க வேண்டாம். தறப்பாளால் செடியை மூடுவதும் தவறு: புழுக்கம் கூடும்.

கிணற்று நீர் கடினமானது. சாடியைச் சுற்றி வெள்ளையாகப் படிகிறது. கெடுதலா?

வெள்ளைப் படிவு இரண்டு வகை. அதன் மேல் ஒரு சொட்டுத் தேசிக்காய்ச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. இந்தச் செடிகள் அதற்குப் பழகியவை, தூரிகையால் தேய்த்துவிட்டுப் போகலாம். நுரைக்காவிட்டால் உப்பு. இலை நுனி தீய்ந்தது போல் பழுப்பாவதும் அதோடு சேர்ந்து வரும். உப்பு என்றால் மாதம் ஒருமுறை, சாடியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு நல்ல நீரைப் பகுதி பகுதியாக ஊற்றிக் கழுவி வடியவிட வேண்டும். மாரியில் பிடித்த கூரை நீரை இதற்காக ஒரு பீப்பாயில் மூடி வைத்திருப்பது மிக நல்ல பழக்கம்.

உவரை ஒலிவ், அத்தி, மாதுளை ஓரளவு தாங்கும். திராட்சை அவ்வளவு தாங்காது.

இன்னொன்று: வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் வந்த நைத்திரேற்று கூடுதலாக உள்ளது. அந்தத் தண்ணீரை விடுபவர்கள் யூரியாவை நினைக்கவே வேண்டாம். தழை கொழுத்து மணம் குறையும், இளந்தண்டைப் பூச்சி தேடிவரும். ஆண்டுக்கு இருமுறை ஒரு கைப்பிடி ஆட்டெரு, அவ்வளவே பசளை. அடுப்புச் சாம்பலும் வேண்டாம், இந்த மண்ணில் காரம் ஏற்கெனவே போதும்.

றோஸ்மேரி வாடுகிறது. தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் வாடுகிறது!

உடனே ஊற்றுவதை நிறுத்துங்கள். வேர் அழுகிய செடியும் தாகம் கொண்ட செடியும் ஒரே மாதிரித்தான் தலை தொங்கும். இரண்டிலும் இலைக்கு நீர் போவதில்லை. தாகம் என்றால் சாடி தூக்க இலேசாக இருக்கும், ஒரு முறை நீர் விட்டால் மறுநாள் காலை நிமிர்ந்துவிடும். அழுகல் என்றால் சாடி கனக்கும், இலை பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்தது போல் இருக்கும், தண்டு மண்ணைத் தொடும் இடம் கறுத்திருக்கும்.

செடியைச் சாய்த்துச் சாடியிலிருந்து எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறமாக, இழுத்தால் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் உருவினால் தோல் கழன்று வந்து, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். சேற்று வாடையும் அடிக்கும். பாதிக்கு மேல் நல்ல வேர் இருந்தால் கறுத்ததை வெட்டி, மேற்கொப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, புதிய கலவையில் நட்டு, ஒரு கிழமை நிழலில் வையுங்கள். பழைய மண்ணை வேறு சாடிக்குப் பாவிக்க வேண்டாம். தண்டடி முழுவதும் கறுத்திருந்தால் செடி பிழைக்காது. நுனியில் இன்னும் பச்சையான கொப்பு இருந்தால் அதை வெட்டித் தடி நட்டுப் பாருங்கள்.

தடி நடுவது எப்படி?

றோஸ்மேரி விதை குறைவாகவே முளைக்கும், தடிதான் நம்பிக்கை. மழை ஓய்ந்து இரவு கொஞ்சம் குளிரும் தை, மாசியே காலம். பூ இல்லாத, அடியில் மட்டும் பழுப்பேறத் தொடங்கிய நுனிக் கொப்பை 10 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, கீழ் மூன்றில் இரண்டு பங்கு இலையை உருவிவிடுங்கள். மணல் மூன்று, தும்புத்தூள் ஒன்று கலந்து (இந்த இடத்தில் மட்டும் தும்புத்தூளுக்கு வேலை உண்டு) ஐந்து சென்ரிமீற்றர் ஆழம் குத்தி, அழுத்தி, வெளிச்ச நிழலில் வையுங்கள். பொலித்தீன் பையால் மூட வேண்டாம், நம் காற்றில் ஈரப்பதன் போதும். மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். நான்கு முதல் ஆறு கிழமையில் வேர்விடும். மெல்ல இழுத்தால் தடுக்கும்போது வேர் வந்துவிட்டது என்று பொருள். பத்துத் தடி வைத்து ஐந்து வந்தால் நல்ல கை.

கத்தரிக்கும்போது இலை உள்ள பகுதியில் மட்டும் வெட்டுங்கள். இலையற்ற முற்றிய கட்டையில் வெட்டினால் றோஸ்மேரியோ லவெண்டரோ அங்கிருந்து பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது.

இரும்புச் சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். சுண்ணாம்பால் காரத்தன்மை ஏறியதால் வேர் அதை எடுக்க முடியவில்லை. ஒரு லீற்றர் நீரில் பெரசுச் சல்பேற்று 5 கிராம், சித்திரிக்கமிலம் 1 கிராம் கரைத்து, மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. சுவரில் பட்டால் துருக்கறை போகாது. மண்ணில் இட இரும்புக் கொடுக்கிணைப்பு (வேர் எடுக்கும்படி இரும்பைக் கட்டிவைத்திருக்கும் 'கீலேற்று' பசளை) வாங்கினால் ஈடிடிஎச்ஏ வகையைக் கேளுங்கள். ஈடிடிஏ வகை காரமண்ணில் விரைவில் பயனற்றுப் போகும்.

ஒலிவ் இங்கே காய்க்குமா?

மரம் வளரும், காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பூமொட்டு உருவாக, இரவில் 10 பாகை அளவுக்கு இறங்கும் குளிர் பல கிழமைகள் வேண்டும். அது நமக்கு வராது. ஆனாலும் வெள்ளி பூசிய அந்த இலைக்காக, ஆலய முற்றத்துக்கோ வாசலுக்கோ வைப்பது வீண் அல்ல. 50 லீற்றர் தொட்டியில் பத்தாண்டு அழகாக நிற்கும். 'சிலோன் ஒலிவ்' என்று விற்பது சிங்களத்தில் வெரளு எனப்படும் வேறு மரம், அது ஈரவலயத்துக்கு உரியது. வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள்: உண்மையான ஒலிவின் அடிப்புறம் வெள்ளி நிறம், இலை எதிர் எதிராக இருக்கும்.

லவெண்டர்?

எண்ணெய்க்குப் பேர்போன ஆங்கில லவெண்டரைத் தவிருங்கள், அதற்குக் குளிர்காலம் தேவை. பல்விளிம்பு இலை கொண்ட பிரெஞ்சு லவெண்டரே இங்கு ஓரளவு நிற்கும், குளிர் இல்லாமலும் பூக்கும். முயற்காது போல் இதழ் நிமிர்ந்த ஸ்பானிய வகைக்குச் சுண்ணாம்பு ஆகாது, நம் கிணற்று நீரில் மஞ்சளித்துப் போகும்.

சீமை அத்திக்கு மகரந்தம் சேர்க்கும் குளவி வேண்டாமா?

'பிரவுண் ரேர்க்கி' போன்ற வீட்டு இனங்களுக்கு வேண்டாம், அவை மகரந்தம் இல்லாமலே பழுக்கும். பென்சில் தடிப்பில் 20 சென்ரிமீற்றர் தடியை இரண்டு கணு மண்ணுக்குள் போக நட்டால் எளிதில் வேர்பிடிக்கும். அத்தி புதுத் தளிரில் காய்ப்பது. மழை ஓய்ந்த பின் தை மாதத்தில் கொப்புகளை அரைவாசிக்குக் கத்தரித்தால் கோடைப் பழம் கிடைக்கும். கார்த்திகையில் இலையின் அடிப்புறம் செம்மஞ்சள் தூள் படிந்தால் அது துரு நோய். விழுந்த இலையைக் கூட்டி எரியுங்கள். பழம் கழுத்து மடிந்து தொங்கி, காம்பில் பால் வராதபோது பறியுங்கள், பறித்த பின் அது இனிக்காது. அந்தப் பால் தோலில் பட்டு வெயில் அடித்தால் கொப்புளம் போடும்.

மாதுளை பூக்கிறது, பூ உதிர்கிறது. காய்த்ததும் வெடிக்கிறது.

பூவில் இரண்டு வகை உண்டு. அடி குடம் போல் பருத்திருப்பது காய்க்கும், மணி போல் ஒடுங்கியிருப்பது உதிரவே பிறந்தது. உதிர்வதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். வெடிப்பு தண்ணீர் ஏற்ற இறக்கத்தால் வருவது: காய்ந்து இறுகிய தோல், திடீர் மழையில் உள்ளே பருக்கும் மணிகளுக்கு இடம் கொடாமல் பிளக்கிறது. காய் நிற்கும் காலம் முழுதும் சீராக நீர் விட்டு, அடியில் ஏழு சென்ரிமீற்றர் காய்ந்த சருகு பரப்புங்கள். காய் தேசிக்காய் அளவானதும் துணிப் பையால் கட்டினால் துளைக்கும் புழுவும் அணிலும் விலகும்.

திராட்சைப் பந்தலுக்கு போர்டோக் கலவை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பிறந்த மருந்து அது, இலைக்கருகலைத் தடுக்க இன்றும் நம்பத்தக்கது. பிளாஸ்ரிக் வாளி ஒன்றில் 5 லீற்றர் நீரில் மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) 100 கிராம். இன்னொன்றில் நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம் நீற்றி 5 லீற்றராக்குங்கள். நீற்றிய தூள் என்றால் 130 கிராம். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்க வான்நீலம் வரும். பளபளப்பாகத் தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்திப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் கூடிவிட்டது, இலையைச் சுடும். படியாதவரை சுண்ணாம்பு நீர் சேருங்கள். அன்றே தெளித்து முடிக்க வேண்டும், உலோகப் பாத்திரம் கூடாது, பூத்திருக்கும்போதும் உச்சி வெயிலிலும் தெளிக்க வேண்டாம்.

கத்தரிக்கும் நாளும் முக்கியம். இங்கு பரவலான இஸ்ரேல் புளூ கத்தரித்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழுக்கும். மழையில் பழம் மாட்டாதபடி தை இறுதியிலும் வைகாசியிலும் கத்தரியுங்கள்.

ஓறிகானோவும் கற்பூரவள்ளியும் ஒன்றா?

இல்லை. மணம் ஒத்திருப்பதால் கற்பூரவள்ளியை 'கியூபா ஓறிகானோ' என்று விற்கிறார்கள். சமையலில் ஒன்றுக்கு ஒன்று ஓரளவு ஈடு கொடுக்கும். வளர்ப்பில் கற்பூரவள்ளிக்கு நிழலும் ஈரமும் ஒத்துவரும், ஓறிகானோவுக்கு ஒத்துவராது.

அலரியும் மத்தியதரைச் செடிதானே, வேலிக்கு வைக்கலாமா?

ஆம், அங்கிருந்து தெற்காசியாவரை பரவியது. வறட்சி, உவர், சுண்ணாம்பு எல்லாம் தாங்கும். ஆனால் செடி முழுதும் நஞ்சு. குழந்தைகளும் ஆடும் உள்ள வளவில் வைக்க வேண்டாம், வெட்டிய கொப்பை எரிக்கவும் வேண்டாம், புகையும் நஞ்சே.

கனடாவிலிருந்து வரும் அக்கா பெட்டிக்குள் அத்தித் தடி கொண்டுவரலாமா?

கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இத்தாலியின் அபூலியாவில் 2013 இல் கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பற்றீரியா பல இலட்சம் ஒலிவ் மரங்களை அழித்தது. திராட்சையையும் தாக்கும் நோய்க்கிருமி அது, வெளியே நலமாகத் தெரியும் ஒரு தடிக்குள் ஒளிந்து வரக்கூடியது. ஊரில் ஏற்கெனவே காய்க்கும் அத்தி ஒன்றைத் தேடி, தை மாதத்தில் கத்தரிக்கும்போது இரண்டு தடி கேட்டு வாங்குங்கள். அக்கா வரும் ஆடி மாதத்துக்கு அது தளிர்விட்டு நிற்கும்.